குழந்தைப் பருமனும் மரபணுவும்: வாழ்க்கைமுறைத் திட்டங்கள் குறித்த நிலைப்பாடு

உணவையும் உடலுழைப்பையும் சீராக்கும் வாழ்க்கைமுறைத் திட்டம் ஒன்றில் ஓராண்டு பங்கேற்ற குழந்தையின் எடை குறையாதபோதும், குறைந்த எடை மீண்டும் ஏறும்போதும், பழி குழந்தையின் சோம்பல் மீதோ பெற்றோரின் கண்டிப்பின்மை மீதோ விழுகிறது. இது அறிவியலுக்கும் நியாயத்துக்கும் ஒவ்வாதது என்பதும், அதே வேளையில் மரபணுவைக் காரணம் காட்டி எந்தக் குழந்தைக்கும் அத்திட்டத்தின் கதவை அடைக்கக் கூடாது என்பதும் இவ்வமைப்பின் நிலைப்பாடு.

மரபணு மாறுபாடுகள் எல்லாம் ஒரே எடையுள்ளவை அல்ல. 2007-இல் பருமனோடு தொடர்புபடுத்தப்பட்ட எஃப்டிஓ மரபணுவின் மாறுபாடு மக்களிடையே பரவலாகக் காணப்படுவது. அதைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்ற வயது வந்தோர், பெறாதோரைவிடச் சராசரியாக ஏறத்தாழ 3 கிலோ கூடுதல் எடையுடன் இருந்தனர், அந்த வேறுபாடு 7 வயதளவிலேயே தென்பட்டது. எனினும், வயது வந்தோரிடம் நடந்த 8 எடைக்குறைப்புச் சோதனைகளின் தரவுகளை ஒருங்கே ஆராய்ந்து 2016-இல் வெளியான ஆய்வில், இம்மாறுபாடு உடையோரும் மற்றவர்களுக்கு இணையாகவே எடை குறைத்தது தெரியவந்தது. எனவே இத்தகைய பரவலான மாறுபாட்டை ‘முயன்றும் பயனில்லை’ என்பதற்குச் சான்றாகக் கொள்வது பிழை.

தனியொரு மரபணுவின் பழுதே பருமனுக்கு வழிவகுக்கும் நிலை வேறு. உடற்கொழுப்பு சுரக்கும் லெப்டின் என்னும் இயக்குநீர், சேமிப்பு போதுமான அளவில் உள்ளது என்ற செய்தியை மூளையின் ஹைப்போதாலமஸ் பகுதிக்குக் கொண்டு செல்ல, அங்கே எம்சி4ஆர் என்ற ஏற்பி அச்செய்தியைப் பசியடக்கும் கட்டளையாக மாற்றுவதில் பங்கு கொள்கிறது. இந்த ஏற்பி பழுதுபட்டால் உண்ட பின்னும் பசி அடங்குவதில்லை. ஜெர்மனியின் டாட்டெல்ன் நகரில் ஓராண்டுத் திட்டத்தில் சேர்ந்த 514 குழந்தைகளில் 16 பேருக்கு இப்பழுது இருந்தது. 2009-இல் வெளியான அந்த ஆய்வின்படி, திட்டம் நடந்தவரை அவர்களும் மற்றவர்களைப் போலவே எடை குறைத்தனர். திட்டம் முடிந்த பின்னரே அந்தப் பயனைத் தக்கவைக்க இயலாமல் போயினர். முயற்சி பலித்தது, துணை விலகியதும் பசி வென்றது என்பதே இதற்கு இவ்வமைப்பு காணும் பொருள். ஆகவே ஓராண்டோடு கணக்கை முடிக்கும் திட்ட வடிவமே திருத்தப்பட வேண்டியது.

லெப்டினே சுரக்காத இரு குழந்தைகளைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 1997-இல் அடையாளம் கண்டனர். அக்குழந்தைகள் உறவுக்குள் மணம் புரிந்த குடும்பத்தினர். இக்குறைபாடு இரு பெற்றோர் வழியாகவும் வந்தால் மட்டுமே வெளிப்படுவதால், மாமன் மகள், அத்தை மகன் என மணமுடிக்கும் வழக்கமுள்ள தமிழ்க் குடும்பங்களைக் கவனிக்கும் மருத்துவர்களும் இதை நினைவில் கொள்வது அவசியம். லெப்டினை ஊசி மூலம் செலுத்தியபோது குழந்தையின் அடங்காப் பசி தணிந்து எடையும் இறங்கியது 1999-இல் பதிவாயிற்று. பதினாறாம் குரோமோசோமின் ஒரு துண்டு இழக்கப்பட்டதால் கடும் பருமன் அடைந்த பிரித்தானியக் குழந்தைகள் சிலர், பெற்றோர் வேண்டுமென்றே மிகையாக ஊட்டுவதாகக் கருதப்பட்டு, குழந்தைப் பாதுகாப்புப் பட்டியலிலேயே சேர்க்கப்பட்டிருந்தனர் என்பது பழிசுமத்தல் எவ்வளவு தூரம் செல்லும் என்பதைக் காட்டுகிறது.

எடை கூடிய குழந்தைகள் அனைவருக்கும் மரபணுச் சோதனை தேவையில்லை. ஐந்து வயதுக்கு முன்பே கடும் பருமன் தோன்றி, அதனுடன் அடங்காப் பசியோ குடும்பத்தில் கடும் பருமனோ காணப்படும் குழந்தைகளுக்கு அது மறுக்கப்படக் கூடாது. மரபுவழிப் பருமனின் சில அரிய வகைகளுக்கு, செட்மெலனோடைட் மருந்தை அமெரிக்கா 2020-இல் (அப்போது 6 வயது முதல் பயன்படுத்த) ஏற்றதிலிருந்து, சோதனை முடிவு தெரிவது சிகிச்சையையே மாற்றக் கூடியதாகியுள்ளது. மாறாக, எச்சில் மாதிரியை வாங்கிக்கொண்டு ‘மரபணுவுக்கேற்ற உணவு’ என்று பட்டியல் தரும் வணிகச் சோதனைகளைக் குழந்தைகளுக்குப் பரிந்துரைப்பதை இவ்வமைப்பு ஏற்கவில்லை. சோதனையில் பழுது உறுதியான குழந்தைக்குத் திட்டத்தில் காலக்கெடு வைக்காத தொடர் கண்காணிப்பு வழங்கப்பட வேண்டும். மீண்டும் எடை ஏறி வரும் குழந்தையை ‘ஒத்துழைக்காதவர்’ என்று மருத்துவக் குறிப்பில் எழுதும் வழக்கம் உடனே கைவிடப்பட வேண்டும்.