துண்டுப் பிரசுரங்களும் அச்சுச் சுதந்திரமும்

பத்திரிகைச் சுதந்திரத்தைப் பற்றிப் பேச்சு வந்தவுடனே இங்கிலீஷ் படித்த நம்மவரின் நாவில் முதலில் எழுவது மில்டன் மகாகவியின் பெயரே. 1644-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் அவர் வெளியிட்ட 'அரியோபஜிடிகா' என்னும் சிறு நூலைக் கலாசாலையில் நாமும் பக்தி சிரத்தையுடன் படித்ததுண்டு. நூல் உயர்ந்ததே, ஐயமில்லை. ஆனால் அது வெளிவந்த காலத்தில் பார்லிமெண்டு அதற்குச் செவிசாய்க்கவில்லை. அச்சிடுமுன் அனுமதி பெறவேண்டும் என்ற கட்டுப்பாடு இடையிடையே பட்டும் துளிர்த்தும் பின்னும் ஐம்பது வருஷம் இங்கிலாந்தில் உயிரோடிருந்தது. ஆகவே இங்கிலீஷ்காரர் பெற்ற அச்சுச் சுதந்திரம் ஒரு மகாகவியின் வாக்கு வன்மையால் விளைந்ததென்று நாம் நம்பிவருவது சரித்திரத்துக்கு ஒவ்வாது. அதற்கு விலை கொடுத்தவர்கள் வேறு. தம் மதமே மெய், பிறர் மதம் பொய் என்று சாதித்த பாதிரிகளும், பிடிவாதக்கார வக்கீல்களும், கடன்பட்டு அச்சுக்கூடம் நடத்தியவர்களும், தெருவில் கூவி விற்ற ஏழைகளுமே அவர்கள்.

துண்டுப் பிரசுரம் என்பது சில தாள்களை மடித்துத் தைத்த, அட்டையில்லாத சிறு புஸ்தகம். விலை சில பென்னிகளே. லண்டனில் ஸெயிண்ட் பால் கோவிலைச் சுற்றியிருந்த கடைகளில் அது குவிந்து கிடக்கும். எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவன் வாங்கினால், தெரியாத பத்துப் பேர் கூடிநின்று கேட்கலாம். அதிகாரிகள் அஞ்சியது இதற்குத்தான். 1586-ம் வருஷத்து 'ஸ்டார் சேம்பர்' கட்டளை, லண்டனிலும் இரண்டு சர்வகலாசாலைகளிலும் அன்றி வேறெங்கும் அச்சுக்கூடம் கூடாதென்றும், காண்டர்பரி அத்தியக்ஷரோ லண்டன் பிஷப்போ பார்த்து ஒப்பாமல் நூல் வெளிவரலாகாதென்றும் விதித்தது.

இக்கட்டளைக்குப் பின் சில வருஷங்களுக்குள் 'மார்ட்டின் மார்ப்ரலேட்' என்ற புனைபெயரில் பிஷப்புகளை எள்ளி நகையாடும் பிரசுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏழு வெளிவந்தன. அச்சு யந்திரம் வீடு வீடாக, ஊர் ஊராக மறைத்துக் கொண்டு செல்லப்பட்டது. வாரிங்டன் என்ற ஊரில் வண்டியிலிருந்து சாமான்களை இறக்கும்போது சில ஈய எழுத்துக்கள் தரையில் சிந்திவிட்டன. வேடிக்கை பார்த்தவர்களிடம் அவை துப்பாக்கி ரவைகள் என்று சொல்லிச் சமாளித்தார் அச்சுக்காரர். (முழுப் பொய்யென்று நாம் சொல்லமாட்டோம்.) 1589 ஆகஸ்டில் மான்செஸ்டர் அருகே யந்திரம் பிடிபட்டது. இதில் சம்பந்தப்பட்ட ஜான் பென்ரி 1593-ல் தூக்கிலிடப்பட்டார். மார்ட்டின் என்பவர் யார் என்பதை அன்றைய அதிகாரிகளால் நிரூபிக்க முடியவில்லை.

இதற்குப் பத்து வருஷம் முன்னர் நடந்த ஸ்டப்ஸ் வழக்கு வக்கீல்கள் மறக்கத் தகாதது. எலிஸபெத் ராணி பிரெஞ்சு ராஜகுமாரர் ஒருவரை மணக்கலாகாதென்று 1579-ல் ஜான் ஸ்டப்ஸ் என்னும் வக்கீல் ஒரு பிரசுரம் எழுதினார். மேரி ராணியின் காலத்தில், அவரையும் அவர் கணவரையும் பாதுகாக்க இயற்றிய சட்டமொன்றைத் தேடிப் பிடித்து, அதன்படி ஸ்டப்ஸின் வலது கையை வெட்டும்படி தீர்ப்பாயிற்று. அந்தச் சட்டம் மேரியுடனேயே மாண்டுபோயிற்று என்று சட்ட நிபுணர் சிலர் ஆட்சேபித்தனர். அப்படிச் சொன்னவர்களும் தண்டனைக்குத் தப்பவில்லை என்று அக்காலச் சரித்திராசிரியர் காம்டன் எழுதியிருக்கிறார். கை வெட்டுண்டதும் ஸ்டப்ஸ் இடக்கையால் தொப்பியை எடுத்து, ராணி வாழ்க என்று கூவி மூர்ச்சையானார்.

ஆனால் கொடுமையின் கதையை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வது எளிது. நாம் கூற வந்தது வேறு. வில்லியம் பிரின் என்னும் வக்கீலை எடுத்துக்கொள்வோம். நாடகங்களைக் கண்டித்து எழுதியதற்காக 1634-ல் அவருடைய காதுகள் அறுக்கப்பட்டன. 1637-ல் பிஷப்புகளைத் தாக்கியதற்காக, எஞ்சியிருந்த காதுத் துண்டுகளும் அறுக்கப்பட்டு, கன்னங்களில் சூடும் போடப்பட்டது. பாஸ்ட்விக் என்ற வைத்தியரும் பர்ட்டன் என்ற பாதிரியும் அன்று அவருடன் காதிழந்தார்கள். மூவருக்கும் தலைக்கு 5,000 பவுன் அபராதம், ஆயுட்காலச் சிறை. கூடியிருந்த ஜனங்கள் கண்ணீர் வடித்தனர். 1641-ல் 'ஸ்டார் சேம்பர்' ஒழிந்ததற்கு அந்தக் கண்ணீரும் ஒரு காரணம். அது ஒழிந்ததும் அணை உடைந்தது. ஜார்ஜ் தாமஸன் என்ற புஸ்தக வியாபாரி 1640 முதல் 1661 வரை சேர்த்துவைத்த பிரசுரங்களும் செய்தித்தாள்களும் மாத்திரம் சுமார் 22,000. இன்றும் அவை லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கின்றன.

காதிழந்த பிரின் அப்போது என்ன செய்தார்? விடுதலையாகித் திரும்பிவந்து, 1645-ல், தமக்குப் பிடிக்காத புதுமதஸ்தர்களின் பிரசுரங்களைப் பார்லிமெண்டு அடக்கவேண்டும் என்று தாமே பிரசுரம் எழுதினார்! பார்லிமெண்டோ அதற்கு முன்பே, 1643 ஜூன் மாதத்தில், பழைய அனுமதி முறையைத் தன் பெயரால் மீண்டும் ஏற்படுத்திவிட்டது. மில்டனும் 1651-ல் குடியரசின் உத்தியோகஸ்தராக ஒரு செய்தித்தாளுக்கு அனுமதி வழங்கும் வேலையைப் பார்த்தார். கத்தோலிக்கருக்குச் சலுகையில்லையென்று அவருடைய நூலிலேயே கண்டிருக்கிறது. நசுக்கப்பட்டபோது நியாயம் பேசிய கட்சிகளில் அதிகாரம் கைக்கு வந்தபின் அதைப் பிறருக்கு அளித்த கட்சி அநேகமாக இல்லை.

ஜான் லில்பர்னைப் போன்ற சிலர் மட்டும் விலக்கு. 1638-ல் அரசருடைய அதிகாரிகள் அவரைத் தெருநெடுகக் கசையால் அடித்தார்கள். அரசரை வென்ற பார்லிமெண்டும் அவரைச் சிறையிலிட்டது. அரசரைக் கொன்ற குடியரசும் 1649-ல் அவர்மீது ராஜத்துரோகக் குற்றம் சாட்டியது. ஜூரிகளே சட்டத்துக்கும் நீதிபதிகள் என்று அவர் வாதாடினார். ஜூரிகள் விடுதலை செய்தார்கள்.

1664-ல் தூக்குமேடை ஏறிய ஜான் ட்வின் எழுத்தாளரல்லர், அச்சுக்காரர். ஜனங்கள் அரசனைத் தண்டிக்கலாம் என்ற நூலை அச்சிட்டுக் கொண்டிருந்தபோது பிடிபட்டார். ஆசிரியர் பெயரைச் சொல்லவில்லை. அவருடைய உடல் கூறு கூறாக வெட்டப்பட்டது. 1695-ல் அனுமதிச் சட்டம் காலாவதியானபோது, அதைப் புதுப்பிக்கலாகாதென்று காமன்ஸ் சபை கூறிய காரணங்களில் மனச்சாட்சியுமில்லை, சுதந்திரமுமில்லை. புஸ்தக வியாபாரிகளின் ஏகபோகம், துறைமுகத்தில் மூட்டைகள் தாமதிப்பது, வீடு புகுந்து சோதிப்பது—இவைபோன்ற வியாபாரக் குறைகளே காரணங்கள்.

அனுமதி முறை போயிற்று. அச்சிட்டபின் தண்டிக்கும் ராஜநிந்தனைச் சட்டம் நின்றது. அதன் வாரிசு 1870-ல் 124-ஏ பிரிவாக நம் பீனல் கோடில் புகுந்தது. அச்சுக்கூடக்காரரிடம் 300 பவுன் ஜாமீன் கேட்ட 1637-ம் வருஷத்துக் கட்டளையின் சாயலை 1910-ம் வருஷத்து இந்தியப் பிரஸ் சட்டத்தில் காணலாம். அவற்றுக்கு இலக்காகிச் சிறை சென்ற தேசபக்தர்களின் கட்சி 1947-ல் ஆட்சிக்கு வந்தது. சென்னை மாகாண சர்க்கார் 1949-ம் வருஷத்துப் பொது ஒழுங்குச் சட்டத்தின்படி 'கிராஸ் ரோட்ஸ்' பத்திரிகையைத் தடைசெய்தது. 1950 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு அத்தடை செல்லாதென்றது. மறு வருஷமே அரசியல் சட்டம் திருத்தப்பட்டு, பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தும் காரணங்களில் 'பொது ஒழுங்கு' என்பதும் சேர்ந்தது. இங்கிலாந்து தன் ராஜநிந்தனைக் குற்றத்தை 2009-ம் வருஷத்துச் சட்டத்தால் ஒழித்தது. நம்முடைய 124-ஏ பிரிவு 2022-ல் சுப்ரீம் கோர்ட்டால் நிறுத்திவைக்கப்பட்டு, 2024 ஜூலையில் பழைய கோடுடன் மறைந்தது. அதன் இடத்தில் புதிய கோடின் 152-வது பிரிவு நிற்கிறது.