முதலில் அவர் பேசி முடிக்கட்டும்



நாலு பேரையோ நானூறு பேரையோ வைத்து வேலை வாங்கும் பொறுப்பில் உங்களில் பலர் இருக்கிறீர்கள். இந்த முறை, ஊழியர் பேசுவதைக் கேட்பது பற்றி உங்களோடுதான் பேச ஆசை.

அமெரிக்காவில் சிகாகோவை ஒட்டிய சிசரோவில், வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதோர்ன் தொழிற்சாலை இருந்தது. தொலைபேசிக் கருவிகள் செய்த இடம். வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் உற்பத்தியைப் பார்த்த சோதனைகளால் நிர்வாகவியல் படித்தவர்களுக்கு அது பழகிய பெயர். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, அங்கே 1928-ல் தொடங்கிய நேர்காணல்கள். 1930 முடிவதற்குள் 21,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களை உட்கார வைத்துப் பேசவிட்டிருந்தார்கள்.

நேர்காணல் செய்தவர்கள் முதலில் கையில் கேள்விப் பட்டியலோடுதான் போனார்கள். மேற்பார்வையாளர் எப்படி, வேலை எப்படி என்று வரிசையாகக் கேட்டால், பதில் சொல்பவர் பாதியிலேயே வேறு எதற்கோ போய்விடுவார். அவரைத் திரும்பப் பட்டியலுக்கு இழுத்து வருவதே பெரிய பாடாக இருந்தது. பிறகு பட்டியலை ஓரம் வைத்தார்கள். எதைப் பேசுவது என்று அவரே முடிவு செய்யட்டும். கேட்பவர் வாதாடக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது. அரை மணியில் முடிந்த பேச்சு ஒன்றரை மணி வரை நீண்டது.

உளவியலாளர்கள் கார்ல் ரோஜர்ஸும் ரிச்சர்ட் ஃபார்சனும் 1957-ல் எழுதிய ‘ஆக்டிவ் லிசனிங்’ என்ற சிறு நூல் இன்னும் ஒரு படி போனது. சொல்லோடு சொல்பவரின் மனநிலையையும் கேளுங்கள், புரிந்துகொண்டதை அவரிடமே சொல்லிச் சரிபாருங்கள் என்றது.

“சார், நைட் ஷிஃப்ட் வேண்டாம், மாத்திக் கொடுங்க” என்று ஒருவர் மேலாளரிடம் வந்து நிற்கிறார். “எல்லாரும் இப்படிக் கேட்டா நான் யாரைப் போடறது?” என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. தலையாட்டிவிட்டுப் போவார், சில மாதங்களில் ராஜினாமா கடிதம் வரும். அதே மேலாளர் செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “உட்காருங்க. இவ்வளவு நாள் பார்த்துட்டுதானே இருந்தீங்க, இப்ப ஏதோ சிரமம் போலிருக்கே?” என்று கேட்டுச் சும்மா இருந்தால், ராத்திரியில் அம்மாவுக்குத் துணை இல்லை என்ற சேதி மெல்ல வெளியே வரும். அந்தச் சும்மா இருப்பதுதான் கஷ்டம். பிரச்சினையைச் சட்டென்று தீர்ப்பவர் என்றுதானே பலருக்குப் பதவி உயர்வே கிடைத்திருக்கும்? அந்தச் சாமர்த்தியமே இங்கே குறுக்கே வந்து நிற்கிறது.

கேட்டதோடு விட்டுவிடவும் கூடாது. ஹாதோர்னில் தொழிலாளர்கள் சொன்னவற்றை, யார் சொன்னது என்று தெரியாதபடி, மேற்பார்வையாளர்களின் பயிற்சிக்குப் பயன்படுத்தினார்கள். உங்களால் ஷிஃப்ட்டை மாற்ற முடியாமலே போகலாம். அப்போதும் இரண்டொரு நாளில் அவரைக் கூப்பிட்டு, ஏன் முடியவில்லை, எப்போது பார்க்கலாம் என்று நேரில் சொல்லிவிடுங்கள்.

உங்களை அப்படி உட்கார வைத்துக் கேட்ட மேலாளர் யாராவது உண்டா? அவரைப் பற்றி எழுதுங்கள். அடுத்த இதழில் அந்தக் கடிதங்களுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்