காலிப் பெட்டிக்குள் என்ன?

இன்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். நேரமிருப்பவர்கள் படியுங்கள், இல்லாதவர்கள் வழக்கம்போல் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

பத்து நாளைக்கு முன்னால் என் மகள் என்னிடம் ஒரு புகாரோடு வந்தாள். "அப்பா, பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற பொண்ணு, யாரோ எழுதுற கதையில அடுத்து என்ன வரும்னு ஒரு நோட்டுப் போட்டு எழுதிட்டிருக்கா. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க." நான் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே, மறுநாள் பேத்தியே அந்த நோட்டைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். "தாத்தா, இது இனிமே வேண்டாம். பழைய பேப்பர்ல போட்ருங்க." மகளுக்கு நிம்மதி. எனக்கு இல்லை. நோட்டை மூட வைத்தது அம்மாவின் திட்டு அல்ல, வேறொன்று. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

கதை எது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் பிராண்டன் சாண்டர்சன் என்று ஓர் எழுத்தாளர் இருக்கிறார். பல்கலைக்கழகத்தில் எழுத்துக்கலை வகுப்பும் எடுப்பவர், ஆக ஒருவகையில் நம் இனம். 2005-ல் 'எலாண்ட்ரிஸ்', 2006 முதல் 2008 வரை 'மிஸ்ட்பார்ன்' மூன்று பாகங்கள், 2009-ல் 'வார்பிரேக்கர்', 2010-ல் 'தி வே ஆஃப் கிங்ஸ்' என்று வரிசையாக எழுதினார். ஒவ்வொன்றும் வேறு வேறு உலகம், வேறு வேறு மந்திரம். மேலோட்டமாகப் படித்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. ஆனால் இவை எல்லாம் ஒரே பிரபஞ்சத்தில் உள்ள கிரகங்கள். அந்தப் பிரபஞ்சத்துக்குக் 'காஸ்மியர்' என்று பெயர். ஆதியில் ஒரே சக்தி இருந்ததாம். அதைப் பதினாறு பேர் சேர்ந்து உடைத்து, ஆளுக்கொரு துண்டை எடுத்துக்கொண்டு பிரிந்து போனார்களாம். அந்தத் துண்டுகள் போய்ச் சேர்ந்த உலகங்களில்தான் இந்தக் கதைகள் பல நடக்கின்றன.

இதை ஆசிரியர் முதல் புத்தகத்தில் எங்கும் அறிவிக்கவில்லை. வாசகர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? 'எலாண்ட்ரிஸி'ல் ஹாய்ட் என்று ஒரு பிச்சைக்காரன் தலைகாட்டுகிறான். அடுத்து 'மிஸ்ட்பார்'னில், வேறொரு உலகத்தில், துப்புச் சொல்கிற ஒரு பிச்சைக்காரன். அவன் பெயரும் ஹாய்ட். 'வார்பிரேக்க'ரில் கதைசொல்லி ஒருவன் வருகிறான், அவனும் ஹாய்ட். ஓரிரு பக்கம் வந்துவிட்டுப் போகிற ஆள். பெயரைப் பென்சிலால் அடிக்கோடிட்டுப் படிக்கிற பழக்கம் உள்ளவருக்குத்தான் அது கண்ணில் படும். பட்டவர்கள் இன்னொருவரிடம் சொன்னார்கள். அப்படித்தான் ஊகங்கள் பெருகின. இன்று அந்த ஆசிரியரின் வாசகர் கூட்டம் எவ்வளவு பெரியது என்றால், 2022-ல் நான்கு நாவல்களை வாசகர்களிடமே முன்பணம் வாங்கி வெளியிடப் போகிறேன் என்று அவர் சொன்னதும் 4 கோடி டாலருக்கு மேல் சேர்ந்தது.

என் பேத்தி வந்து சேர்ந்தது 'மிஸ்ட்பார்ன்' வழியாக. அதில் மந்திரம் என்பது உலோகம். உலோகத் துகளை விழுங்கி வயிற்றுக்குள் 'எரித்தால்' சக்தி பிறக்கும். இரும்பு எரித்தால் தூரத்து உலோகத்தை இழுக்கலாம், எஃகு எரித்தால் தள்ளலாம். வெள்ளீயம் எரித்தால் புலன்கள் கூர்மையாகும். வெள்ளீயக் கலவையான பியூட்டர் எரித்தால் உடல் பலம். துத்தநாகம், பித்தளை இரண்டும் பிறர் மனதை ஆட்ட. செம்பு மறைந்துகொள்ள, வெண்கலம் உலோகம் எரிப்பவனைக் கண்டுபிடிக்க.

முப்பத்து மூன்று வருடம் வேதியியல் நடத்தியவனிடம் இதைச் சொன்னால் சும்மா இருப்பேனா? ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று தூய உலோகம், மற்றது அதன் கலவை. தூயது இழுக்கிறது, கலவை தள்ளுகிறது. "இதிலே ஒரு அட்டவணை இருக்கும்மா" என்றேன். "அதைத்தான் தாத்தா போட்டுட்டிருக்கேன்" என்று நோட்டைக் காட்டினாள்.

முதல் புத்தகத்தில் இந்த எட்டுக்கும் மேலே தங்கம், ஏட்டியம் என்று இரண்டு வருகின்றன. ஏட்டியம் ஆசிரியரின் கற்பனை உலோகம். தங்கமும் ஏட்டியமும் ஜோடி என்று அந்த உலகத்து மனிதர்கள் நம்புகிறார்கள். என் பேத்தி இரண்டாம் புத்தகத்தைத் திறக்கும் முன்பே அட்டவணைக்கு ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தாள்: 'தங்கத்துக்கு ஜோடி தங்கத்தின் கலவையாக இருக்க வேண்டும். ஏட்டியம் கலவை இல்லை. அது இங்கே உட்காரக் கூடாது.' (கதையைக் கெடுக்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள். 2008 வரை வந்த விஷயங்களைச் சொல்லலாம் என்று அவளே அனுமதி தந்திருக்கிறாள்.) மூன்றாம் பாகம் முடிவதற்குள் தெரிந்துவிட்டது. தங்கத்தின் உண்மையான ஜோடி எலக்ட்ரம், அதாவது தங்கமும் வெள்ளியும் கலந்தது. ஏட்டியம் அந்த வரிசையைச் சேர்ந்ததே அல்ல, ஒரு தெய்வத்தின் உடல். குதிரை வண்டி ஓடுகிற உலகத்தில் டியூராலுமின் வருவதைப் பார்த்துச் சிரித்தேன் என்பது வேறு விஷயம். அதுவும் அலுமினியத்தின் கலவையாகத்தான் வருகிறது. விதி மீறப்படவில்லை.

பிள்ளைகளே, இதை எங்கே கேட்டிருக்கிறீர்கள்? 1869. மெண்டலீவ். தனிமங்களை வரிசைப்படுத்தும்போது சில இடங்களைக் காலியாக விட்டு, இங்கே ஒன்று வர வேண்டும், அதன் அணு எடை இவ்வளவு, அடர்த்தி இவ்வளவு என்று பார்க்காமலே எழுதி வைத்தவர். 1875-ல் காலியம் கிடைத்தது, 1886-ல் ஜெர்மேனியம் கிடைத்தது. நான் எத்தனை வருடம் இந்தப் பாடத்தை நடத்தினேன்! எப்படி நடத்தினேன் என்று சொல்லட்டுமா? 'எகா-அலுமினியம் என்பது காலியம், எகா-சிலிக்கான் என்பது ஜெர்மேனியம். ஒரு மார்க் கேள்வி. மனப்பாடம் செய்.'

1993 என்று நினைவு. ஒரு பையன் விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் ஒரு கணக்குப் போட்டிருந்தான். சிலிக்கானின் எடை 28, வெள்ளீயத்தின் எடை 119, இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து 73.5. ஜெர்மேனியத்தின் உண்மையான எடை 72.6. அவனாகவே, யாரும் சொல்லித்தராமல், மேலும் கீழும் இருப்பவற்றை வைத்து நடுவில் இருப்பதை எட்டிப் பிடித்திருக்கிறான். நான் என்ன செய்தேன்? 73.5-ஐச் சுழித்து, 'தவறு' என்று எழுதி, அரை மார்க் குறைத்தேன். அவன் வந்து கேட்டபோது "புத்தகத்துல இருக்கறதை எழுதுப்பா" என்றேன். தம்பி, நீ இதைப் படிக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அந்த அரை மார்க் என் மேல் பாக்கி இருக்கிறது.

சரி, நோட்டு ஏன் மூடியது என்பதற்கு வருகிறேன்.

சாண்டர்சன் புத்தகத்தில் கையெழுத்துப் போடும் கூட்டங்களில் வாசகர்கள் வரிசையில் நின்று கேள்வி கேட்பார்கள். அவர் சொல்லும் பதில்களை ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் தொகுத்து, தேடிப் பார்க்கும்படி சேமித்து வைத்திருக்கிறார்கள். அதற்கு 'வேர்ட் ஆஃப் பிராண்டன்' என்று பெயர். வேதவாக்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். என் பேத்தி நாலு மாதம் உழைத்து, நாற்பத்திரண்டு இடங்களைப் பக்க எண்ணோடு குறித்து, ஒரு ஊகத்தை எழுதி நண்பர்களுக்கு அனுப்பினாள். அரை மணி நேரத்தில் ஒரு பையன், எப்போதோ ஒரு புத்தகக் கடையில் ஆசிரியர் சொன்ன இரண்டு வரியை எடுத்துப் போட்டு, 'இது இல்லைன்னு அவரே சொல்லிட்டார்' என்று முடித்துவிட்டான். நாற்பத்திரண்டு இடங்களில் ஒன்றையாவது அவன் புரட்டிப் பார்த்தானா? இல்லை. அவளும் மூடி வைத்துவிட்டாள்.

எனக்கு அந்தப் பையன் மேல் கோபமில்லை. 1993-ல் நான் செய்ததைத்தான் அவனும் செய்திருக்கிறான்.

"எழுதினவரே சொன்ன பிறகு என்ன சார் வாதம்?" என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். என் மருமகன் அப்படித்தான் கேட்டார். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். காலியத்தைக் கண்டுபிடித்த பிரெஞ்சுக்காரர் அதன் அடர்த்தி 4.7 என்று அளந்து வெளியிட்டார். உலோகத்தைக் கண்ணாலும் பார்க்காத மெண்டலீவ், 5.9 இருக்க வேண்டும், உங்கள் மாதிரியைச் சுத்தம் செய்து மறுபடி அளந்து பாருங்கள் என்று எழுதினார். அளந்தார்கள். 5.9 வந்தது. கையில் உலோகம் வைத்திருந்தவர் சொன்னதாலேயே அது சரியாகிவிடவில்லை, மறுபடி அளந்ததால்தான் தெரிந்தது.

கதைக்கு அளவுகோல் பக்கத்தில் அச்சாகியிருக்கும் எழுத்து. ஆசிரியர் வரிசையில் நிற்பவரிடம் களைப்பில் சொன்ன பதில் அல்ல. இது நானாகச் சொல்வதும் அல்ல. வாயால் சொன்னவை எழுதும்போது மாறலாம், புத்தகத்தில் வந்ததுதான் உறுதி என்று சாண்டர்சனே சொல்லியிருக்கிறார். மெண்டலீவுக்கு இருந்த வசதி நமக்கு இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இயற்கை தன் மனதை மாற்றிக்கொள்ளாது, எழுத்தாளர் மாற்றிக்கொள்வார். அதனால்தான் இன்னும் அதிகமாகப் பக்கத்தையே பிடித்துக்கொள்ள வேண்டும் என்கிறேன்.

இன்னொன்று. சாண்டர்சனுக்கு முந்தைய தலைமுறையில் ராபர்ட் ஜோர்டன் என்பவர் 'வீல் ஆஃப் டைம்' என்று ஒரு நெடுந்தொடர் எழுதினார். 1993-ல் வந்த பாகத்தில் அஸ்மோடியன் என்பவனை யாரோ கொன்றுவிடுகிறார்கள். யார் என்று சொல்லவில்லை. கவனமாகப் படித்தால் தெரியும் என்கிற மாதிரிச் சொல்லிவிட்டு ஜோர்டன் சிரித்துக்கொண்டே இருந்தார். 2007-ல் இறந்தும் போனார். தொடரை முடித்துக் கொடுத்தவர் இதே சாண்டர்சன்தான். 2010-ல் வந்த பாகத்தில் கொலையாளியின் பெயர் வெளிவந்தது. எங்கே? பின்பக்கச் சொல்லகராதியில், போகிறபோக்கில் ஒரு வரியாக. பதினேழு வருடம் மனிதர்கள் ஒவ்வொரு வாக்கியத்தையும் உரசிப் பார்த்ததுதான் விருந்து. அந்த ஒரு வரி வெறும் பில்.

நம் ஆசிரியர் அறையில் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று நடந்த சண்டை நினைவிருக்கிறதா? மாணவர்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பீர்களே. நந்தினியா, ரவிதாசனா, பழுவேட்டரையரா? தொடர் முடிந்த 1954-லேயே கல்கி காலமாகிவிட்டார். கேட்க ஆளில்லாததால் எங்களுக்குப் புத்தகம்தான் மிச்சம். அதனால் மறுபடி மறுபடி படித்தோம். தமிழய்யாவிடம் ஒவ்வொரு முறையும் நான் தோற்றேன்.

ரசிகர்கள் செய்வதெல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. எந்தப் புத்தகத்தில் முகம் தெரியாத ஆள் வந்தாலும் 'இவன்தான் ஹாய்ட்' என்கிறார்கள். ஊர்க்காவலன் ஹாய்ட், சமையல்காரன் ஹாய்ட், நாய் கூட ஹாய்ட். இது ஊகமே இல்லை. அந்தக் காலத்து ஃபுளோஜிஸ்டன் கொள்கை மாதிரி. எரிந்தால் எடை குறைகிறதா, ஃபுளோஜிஸ்டன் போய்விட்டது. எடை கூடுகிறதா, அப்போதும் ஃபுளோஜிஸ்டன்தான், அதற்கு எதிர்மறை எடை என்றார்கள் சிலர்! எது நடந்தாலும் தோற்காத ஊகம் எதற்கும் உதவாது. பேத்தியின் சிவப்பு மை வரி தோற்றிருக்கலாம். மூன்றாம் புத்தகத்தில் ஏட்டியம் தங்கத்தோடு ஜம்மென்று உட்கார்ந்திருந்தால், அவள் எழுதியது தப்பு என்று பட்டவர்த்தனமாகத் தெரிந்திருக்கும். அந்தத் துணிச்சலுக்குத்தான் நான் மார்க் போடுவேன்.

கேள்வி கேட்பவர்களுக்கு ஜோர்டன் ஒரு பதில் வைத்திருந்தார்: 'ரீட் அண்ட் ஃபைண்ட் அவுட்'. படித்துத் தெரிந்துகொள். சாண்டர்சன் அதைச் சிறு அட்டையாகவே அச்சடித்துக் கேட்பவர் கையில் கொடுக்கிறார். அவர் கொடுத்த பதில்களிலேயே நல்ல பதில் அதுதான். என் காலத்தில் எனக்கு அப்படி ஒரு அட்டை தோன்றவில்லையே என்று இப்போது இருக்கிறது.

நோட்டைப் பழைய பேப்பரில் போடவில்லை. முந்தாநாள் இரவு சாப்பிட்ட பிறகு, நாற்பத்திரண்டில் இருபது இடங்களை நானும் அவளும் புத்தகத்தை வைத்துச் சரிபார்த்தோம். மூன்று இடங்களில் அவள் அவசரப்பட்டிருக்கிறாள், அடித்துவிட்டோம். மீதி நிற்கிறது. அந்த இரண்டு வரிப் பதிலையும் முழுதாகப் படித்தோம். கேட்டவர் கேட்ட கேள்வியே வேறு.

'மிஸ்ட்பார்ன்' வரிசையில் அடுத்த கதையை அவர் எழுதிவருகிறார். அதில் என்ன வரும் என்று பேத்தி ஒரே ஒரு வாக்கியம் எழுதி, உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தாள். பொதுத்தேர்வு விடைத்தாள் கட்டுக்குப் போடுவது மாதிரி ஒட்டிய இடத்தின் குறுக்கே கையெழுத்தும் தேதியும் போட்டு, பீரோவில் பென்ஷன் புத்தகத்துக்கு அடியில் வைத்திருக்கிறேன். எனக்கும் காட்டவில்லை. புத்தகம் வரும்வரை நான் திடமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மகளுக்கு ஒரு செய்தி. திங்கட்கிழமை உன் பெண்ணுக்கு வேதியியல் தேர்வு, பி-தொகுதித் தனிமங்கள். ஜெர்மேனியம் அதில்தான் வருகிறது. நேற்று நானே கேள்வி கேட்டுவிட்டேன்.