செலவுக் கணக்கில் சேராத நோயர்

மருத்துவத்திற்காக மக்கள் எவ்வளவு செலவிடுகின்றனர், அரசு எவ்வளவு செலவிடுகின்றது என அளந்தறிதல் ஆட்சியின் தலையாய கடமைகளுள் ஒன்று. அளவாத அரசு ஆளவும் அறியாது. ஆயின், அளவுகோல் எதனை அளக்கின்றது, எதனை அளவாது விடுகின்றது என ஓராமல், அது காட்டும் எண்ணை மட்டும் கொண்டாடுதல் அளவாமையினும் தீதாம்.

இந்திய அரசு 'நாட்டு நலவாழ்வுக் கணக்கு' என்னும் ஏட்டை முதன்முதல் 2001-02ஆம் ஆண்டுக்கு உருவாக்கிற்று. 2013-14 முதல் 2021-22 வரை ஆண்டுதோறும் கணித்துள்ளது. அதன்படி, நாட்டின் மருத்துவச் செலவில் ஒவ்வொரு நூறு உருபாவிலும் மக்கள் தம் கைப்பணமாக நேரே கொடுத்தது 2013-14இல் 64.2 உருபா, 2021-22இல் 39.4 உருபா. அரசுகளின் பங்கோ 28.6லிருந்து 48 ஆக உயர்ந்தது. மக்கள்சுமை இறங்கிவிட்டதென ஆட்சியாளர் பறைசாற்றினர்.

துலாக்கோலின் இரு தட்டுகளையும் நோக்குதல் வேண்டும். அரசுத் தட்டில் இடப்பட்டது 2021-22ஆம் ஆண்டின் செலவு. கொரோனாப் பெருந்தொற்றின்போது தடுப்பூசி முதலியவற்றிற்கு ஆன மிகைச் செலவும் அதனுள் அடங்கும். மக்கள் தட்டில் இடப்பட்டதோ, 2017-18இல் தேர்ந்தெடுத்த வீடுகளில் நடத்திய 75ஆம் சுற்றுக் கணிப்பினை அடியாகக்கொண்டு பெருக்கியெடுத்த மதிப்பீடு. 2021இல் படுக்கைக்கும் மூச்சுக்காற்றுக்கும் அலைந்த மக்கள், நகையையும் நிலத்தையும் விற்றுத் தனியார் மருத்துவமனைகளில் கொட்டிய பணத்தை, அதற்கு மூன்றாண்டு முன்னரே முடிந்த கணிப்பு எங்ஙனம் கண்டிருக்கும்? ஒரு தட்டில் புதுச்சரக்கும் மறுதட்டில் பழஞ்சரக்கும் வைத்து நிறுப்பது நேர்மையான நிறுவையன்று.

இதனினும் பெருங்குறை ஒன்றுண்டு. கைப்பணச் செலவு சுழியாவதற்கு வழி இரண்டு. அரசு மருத்துவமனையில் விலையின்றி மருந்து பெற்று நோய் தீர்ந்தவர்க்கும் செலவு சுழி. விலைக்கஞ்சி மருந்தே வாங்காமல் வீடு திரும்பியவர்க்கும் செலவு சுழி. முன்னவர் நலம்பெற்றவர், பின்னவர் கைவிடப்பட்டவர். ஏட்டிலோ இருவர்க்கும் ஒரே எண்.

தமிழ்நாட்டில் 1994இல் தோன்றிய மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை மொத்தமாக வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு வழங்குகின்றது. அதனால் மருந்தின் விலையும் குறைகின்றது. நோயர்க்கும் செலவு மிஞ்சுகின்றது. இது முதல்வகைச் சுழி. மருத்துவரும் மருந்தும் எட்டாத சிற்றூரில், நோயை உடலோடு தாங்கிக் கிடப்பவனுடையது இரண்டாம்வகைச் சுழி. முன்னது ஆட்சியின் புகழ். பின்னது ஆட்சியின் பழி. இரண்டையும் கலந்து ஒரே விழுக்காடாக்கின், பழியும் புகழெனத் தோன்றுமன்றோ?

கணக்கின் எல்லைக்குள் வாராதனவும் பல. உடனிருப்பவர் உண்ட சோற்றின் விலை, நோயால் இழந்த நாட்கூலி, கடனுக்குக் கட்டும் வட்டி ஆகியவை மருத்துவச் செலவாகா. படுத்த படுக்கையான தந்தையை ஆண்டுக்கணக்கில் பேணும் மகளின் உழைப்புக்கும் அவ்வேட்டில் விலையில்லை. உலகநாடுகள் ஒப்புக்கொண்ட கணக்கு முறையே இவற்றை விலக்குகின்றது. நாட்டுக்கு நாடு ஒப்பிட அம்முறை உதவலாம். ஏழையின் சுமையை அறிய அது போதாது.

2017ஆம் ஆண்டின் நாட்டு நலவாழ்வுக் கொள்கை, அரசுச் செலவை 2025க்குள் நாட்டின் மொத்தப் பொருளாக்கத்தில் 2.5 விழுக்காடாக உயர்த்துவதாகக் கூறிற்று. பெருந்தொற்றுக் காலமாகிய 2021-22இல்கூட எய்தியது 1.84 விழுக்காடே. இலக்கிற்கும் இயன்றதற்கும் உள்ள இவ்விடைவெளியில்தான் மருந்து எட்டாதார் நிற்கின்றனர்.

செய்யத்தக்கது அரிதன்று. நோயுற்றும் மருத்துவம் நாடாதார் யார், அதற்குக் கரணியம் யாது என வீட்டுக் கணிப்பிலேயே கேட்கப்படுகின்றது. அவ்வெண்ணைக் கைப்பணச் செலவின் அருகிலேயே, மாநிலந்தோறும், ஆண்டுதோறும் அச்சிடுதல் வேண்டும். கணிப்பையும் நெடுங்காலம் தள்ளிப்போடாமல் அடுத்தடுத்து நடத்துதல் வேண்டும். அதுவரை, 'மக்கள் செலவு குறைந்தது' என்பாரை நோக்கி, 'குறைந்தது மருந்து கிடைத்தமையாலா, கிடையாமையாலா?' என்று மக்கள் கேட்டுக்கொண்டே இருத்தல் வேண்டும்.