எச்சரிக்கையைத் தாண்டலாமா?

உங்கள் பள்ளியின் இணையதளத்தைத் திறந்ததும், 'இது பாதுகாப்பானதல்ல' என்று திரை எச்சரிக்கிறதா? 'பரவாயில்லை, தாண்டிப் போங்கள்' என்று சொல்லித்தருவது பெருந்தவறு என்பேன். சான்றிதழ்தான் தளத்தின் அடையாள அட்டை. அது காலாவதியானாலும் எச்சரிக்கை வரும். இடையில் ஒருவன் போலித் தளத்தைக் காட்டினாலும் வரும். தாண்டியே பழகியவருக்கு இரண்டும் ஒன்றுதான்!

முதலில் உங்கள் கணினியின் தேதியைப் பாருங்கள். அது தவறாக இருந்தால் நல்ல சான்றிதழும் செல்லாததாகத் தோன்றும். தேதி சரிதானா? அப்படியானால் தளப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். சான்றிதழின் கெடுவையும், அதிலுள்ள பெயர் தளத்தின் முகவரியோடு பொருந்துகிறதா என்பதையும் அவர் பார்க்கட்டும்.

பணமில்லை என்ற சாக்கு செல்லாது. 'லெட்ஸ் என்கிரிப்ட்' அமைப்பு 2015 முதல் இலவசமாகவே சான்றிதழ் வழங்குகிறது. தொடக்கத்திலேயே அதற்கு 90 நாள் ஆயுள்தான் வைத்தார்கள். புதுப்பிக்கும் வேலையைக் கணினியிடமே விட்டுவிட வேண்டும் என்பதும் அதற்கு ஒரு காரணம். (மறப்பது மனிதர்தானே!)