பள்ளி நாளைச் சொல்லத் தமிழ் இல்லையா?

ஒரு மொழியை அழிக்க நினைப்பார் அதன் நூல்களை எரிக்க வேண்டுவதில்லை. அம்மொழிக்குரிய பிள்ளைகள், காலை மணி முதல் மாலை மணி வரை தாம் செய்தவற்றைச் சொல்வதற்கு வேற்றுமொழியை நாடும்படி செய்துவிட்டாலே போதும். அந்நிலை இன்று தமிழகமெங்கும் பரவி வருகின்றது. எல்லைப்புறமாகிய ஓசூரிலோ அதன் கேடு இருமடங்காகின்றது.

ஓசூரின் நிலையைத் தமிழன்பர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கொள்ளேகால் வட்டம் மைசூர் மாநிலத்திற்குப் போயிற்று. ஓசூர் வட்டம் நம்மோடு நின்றது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் அங்குத் தெருவுக்குத் தெரு கலந்து ஒலிக்கின்றன. சிப்காட்டுத் தொழிற்பேட்டை எழுந்தபின், பிற மாவட்டங்களிலிருந்தும் மாநிலங்களிலிருந்தும் உழைப்பாளர் குடும்பங்கள் வந்து குடியேறின. இவர்தம் பிள்ளைகள் ஒரே வகுப்பில் அமர்கின்றனர். தெலுங்கோ கன்னடமோ பேசும் வீட்டுப் பிள்ளைக்குச் செப்பமான தமிழ் கிடைக்குமிடம் பள்ளி ஒன்றே.

அப்பள்ளியில் அப்பிள்ளையின் செவியில் விழும் தமிழ் எத்தகையது? 'லீவு லெட்டர் சப்மிட் பண்ணிட்டேன்', 'ஓம்வொர்க்கு கம்ப்ளீட் பண்ணலை', 'மேத்சு பாசு பண்ணிட்டேன்'. இம்மூன்று தொடர்களிலும் தமிழாய் எஞ்சி நிற்பது 'பண்ணு' என்னும் ஒற்றை வினையே! 'விடுப்பு மடலை ஒப்படைத்தேன்', 'வீட்டுப்பாடத்தை முடிக்கவில்லை', 'கணக்கில் தேறினேன்' என்பவற்றில் என்ன அருமை உளது? இவற்றுள் எச்சொல் நாவிற்கு வராத சொல்?

பெயர்ச்சொற்களைக் கடன்கொண்டாலும் மொழி பிழைத்துக்கொள்ளும் என்பார் உளர். அதனை நாம் ஒப்புவதில்லை. ஒரு பேச்சுக்கு ஒப்பினும், வினைச்சொற்களை இழந்த மொழி எவ்வாறு பிழைக்கும்? 'தேர்' என்னும் வினையடியினின்றே தேர்வும் தேர்ச்சியும் கிளைத்தன. 'விடு' என்பதினின்றே விடுப்பும் விடுமுறையும் விடுதியும் தோன்றின. வேரை வெட்டிவிட்டுக் கிளை தழைக்குமென்று எதிர்பார்ப்பது அறிவுடைமையாகுமா? எல்லா வினைகளுக்கும் மாற்றாகப் 'பண்ணு' ஒன்றையே ஆளும் தலைமுறை, நாளை ஒரு புதுச்சொல்லையும் ஆக்கமாட்டாது.

2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் பள்ளிகளில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கிற்று. பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வினின்று சிறுபான்மை மொழி மாணவர்க்கு வழக்குமன்றங்கள் விலக்களித்தமையும் நாம் அறிந்ததே. ஆனால் சட்டம் தமிழைத் தேர்வுத்தாளில் வைக்கும், நாவில் வைக்காது. நாவில் வைப்பவர் ஆசிரியரும் பெற்றோருமே. தமிழ்ப் பாடவேளையில் மட்டும் தமிழும், பிற வேளைகளிலெல்லாம் கலப்படமும் கேட்கும் கன்னட வீட்டுப் பிள்ளை, கலப்படமே தமிழென்று கொள்ளுமாயின் பிழை அதனுடையதன்று, நம்முடையது. தெலுங்கும் கன்னடமும் நம் உடன்பிறப்பு மொழிகள். ஓசூரில் தமிழுக்குக் கேடு அவற்றால் வரவில்லை.

ஆங்கிலம் கற்க வேண்டா என்று நாம் கூறவில்லை. தொழிலகங்களில் வேலை நாடும் இளைஞர்க்கு அது வேண்டுவதே, நன்றாகவே கற்கட்டும். ஆனால் ஆங்கிலம் கற்பது வேறு. ஆங்கிலச் சொற்களைப் பொறுக்கித் தமிழிற் கொட்டுவது வேறு. 'சப்மிட் பண்ணு' என்று நாள்தோறும் சொல்லிப் பழகுவதால் பிழையற ஓர் ஆங்கிலத் தொடர் அமைக்கும் திறம் வந்துவிடாது. இரு மொழியும் அரைகுறையாவதே இதன் விளைவு.

வரலாறு ஒன்றையும் நினைவூட்டுவோம். ஓசூரையடுத்த தொரப்பள்ளியிற் பிறந்தவர் இராசாசி. 1938-இல் அவர் பள்ளிகளில் இந்தியைப் புகுத்தியபோது தமிழுலகம் திரண்டெழுந்து எதிர்த்தது. அவர்தம் சொற்கொள்கையும் நமக்கு உடன்பாடன்று. எனினும், 1916-இல் சேலத்தில், அறிவியலைத் தமிழிற் சொல்லக் கலைச்சொற்கள் வேண்டுமென்று ஒரு கழகம் கண்டவர்களுள் அவரும் ஒருவர். அன்று ஓசூரும் சேலம் மாவட்டத்ததே. அதே 1916-இல்தான் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தோற்றுவித்தார். வேதியலுக்கும் இயற்பியலுக்கும் தமிழ்ச்சொல் வேண்டுமென்று அன்று உழைத்தனர். இன்று நாமோ விடுப்புக்கும் வீட்டுப்பாடத்திற்கும் அயலாரிடம் கடன் கேட்டு நிற்கின்றோம்!

ஐசுலாந்து மக்கள் நான்கு இலக்கத்தை ஒட்டிய தொகையினர். தொலைபேசி வந்தபோது, இழையைக் குறித்த தம் பழஞ்சொல் ஒன்றையே எடுத்து அதற்குப் பெயராக்கிக் கொண்டனர். அவர்தம் பள்ளிகள் ஆங்கிலமும் கற்பிக்கின்றன. ஏழு கோடிக்கு மேற்பட்ட நமக்கோ புதிதாய் ஆக்கும் உழைப்பும் இல்லை. வருகைப்பதிவு, பாடவேளை, இடைவேளை, மதிப்பெண், விடைத்தாள், கரும்பலகை, எழுதுகோல், பெற்றோர் கூட்டம் என எல்லாச் சொற்களும் ஆயத்தமாய் உள்ளன. அவற்றை எடுத்தாளும் மானம் ஒன்றே வேண்டும்.

ஓசூர்ப் பகுதி ஆசிரியப் பெருமக்களே! தமிழாசிரியர் மட்டுமல்லர், கணக்கும் அறிவியலும் கற்பிப்போரும் கேளுங்கள். கிழமைக்குப் பத்துச் சொல்லாகக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதுங்கள். பெயரோடு வினையையும் சேர்த்தே எழுதுங்கள். ஆங்கிலச் சொல் கற்பிக்கும்போது அதற்கு நேரான தமிழ்ச்சொல்லையும் உடன் சொல்லுங்கள். பிள்ளையைக் கடிந்துகொள்ள வேண்டா. முதலில் நீங்கள் பேசுங்கள், பிள்ளை தானே பேசும். பெற்றோரே! மாலையில் வீடு திரும்பும் பிள்ளையிடம், 'இன்று என்ன கற்றாய்?' என்று கேளுங்கள். விடையைத் தமிழிலேயே சொல்லச் செய்யுங்கள்.

எல்லைக்கல்லை அரசு காக்கட்டும். எல்லையில் வாழும் சொல்லை நாம் காப்போம்!