சிங்க்குக்கு அடியில் ஒரு சஸ்பென்ஸ் அக்கவுண்ட்

எங்க அபார்ட்மெண்ட் சங்கம் ஒரு தீர்மானம் கொண்டு வரப் போகுது. பதினாறு வீட்டுச் சமையலறையிலயும் சிங்க்குக்கு அடியில ஃபுட் வேஸ்ட் டிஸ்போஸர் மாட்டணுமாம். மொத்தமா வாங்கினா விலை குறையுமாம். காலையில குப்பை ஆட்டோ வர்றப்போ ‘ஹசி கசா, ஒண கசா’ன்னு ரெண்டு வாளியைத் தூக்கிக்கிட்டு ஓட வேண்டாமாம். செயலாளர் சார் வாட்ஸப்ல போட்டதுக்கு பதினோரு கட்டைவிரல் விழுந்திருக்கு. என்னோடது விழலை. அது ஏன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு.

டிஸ்கி: எங்க வீட்டுல அந்த மெஷின் நாலு வருஷமா இருக்கு. அதனால இது வயித்தெரிச்சல் பதிவு இல்லை :-)

ரெண்டு மாசம் முன்னால ஒரு ஞாயித்துக்கிழமை. சுவிட்சைப் போட்டா சுத்தலை, ‘ம்ம்ம்ம்’னு ஒரு முனகல் மட்டும். பத்து செகண்ட்ல அதுவும் நின்னு போச்சு. தங்கமணி என்னைப் பார்த்த பார்வையில, போன வருஷம் நான் மிக்ஸியைப் பிரிச்சுப் போட்ட சரித்திரம் முழுக்க இருந்துச்சு. மறுபேச்சு இல்லாம சர்வீஸுக்கு போன் போட்டேன். வந்த தம்பி டார்ச் அடிச்சுப் பார்த்தார், சுவிட்சை ரெண்டு தரம் தட்டினார். “மோட்டார் போயிடுச்சு சார். மாத்தணும்னா ஒன்பதாயிரத்து ஐந்நூறு. அதுக்குப் புதுசே வாங்கிடலாம்.” பார்க்க வந்ததுக்கு ஐந்நூறு தனி.

பேங்க்ல பதினெட்டு வருஷமா கடன் மனுவில கையெழுத்துப் போடறவன் நான். கொட்டேஷனைப் பார்த்ததும் ஒரு அரிப்பு வரும். கூட வந்த புஸ்தகத்தைத் தேடி எடுத்துப் படிச்சேன். படிச்சா, அடப்பாவிகளா!

மெஷின் முனகினா மோட்டார் உயிரோட இருக்குன்னு அர்த்தம். உள்ள பிளேடு எதுவும் கிடையாது. சுத்துற தட்டுல ரெண்டு உலோகத் துண்டு, சுத்தி ஒரு பல்லு வச்ச வளையம், அவ்வளவுதான். சாப்பாட்டை வளையத்துல மோதவிட்டுத் தேய்க்குது. நடுவுல எதாவது மாட்டினா தட்டு நிக்கும், கரண்ட் ஏறும், அடியில இருக்கற பாதுகாப்பு பட்டன் டக்குனு வெளிய வந்து இணைப்பைத் துண்டிக்கும். செத்தது இல்லை, மயக்கம்.

பிளக்கைப் பிடுங்கிட்டு (இது முதல் வேலை, கையை உள்ள விடவே கூடாது) அடிப்பக்கம் நடுவுல பார்த்தா ஆறு மூலை ஓட்டை. பெரும்பாலான மாடல்ல இருக்கும். பெட்டியோட வந்த கால் இஞ்ச் எல் கீயை அதுல சொருகி, இப்படியும் அப்படியும் பலமாத் திருப்பினேன். ‘டக்’. மேலேர்ந்து இடுக்கியை விட்டு எடுத்தா ஒரே ஒரு புளியங்கொட்டை. அதைச் சுத்தி முருங்கைக்காய் நார், பொம்மைக்குத் தலைமுடி வச்ச மாதிரி. பத்து நிமிஷம் ஆறவிட்டு சிவப்பு பட்டனை அழுத்தினேன். ஓடிச்சு! செலவு பூஜ்யம்.

சத்தமே வரலைன்னா பட்டனையும் பிளக்கையும் பாருங்க. சுத்துது, ஆனா தண்ணி இறங்கலைன்னா தப்பு பைப்ல. அடிப்பாகத்துலேர்ந்து ஒழுகினாத்தான் உள்சீல் போச்சு, அப்போ புதுசு வாங்கறதைப் பத்தி யோசிக்கலாம். அமெரிக்காவுல இருக்கற மச்சான்மாருக்கு ஒரு வேண்டுகோள்: ஊருக்கு வர்றப்போ இதைப் பெட்டியில போட்டுக் கொண்டு வராதீங்க. அது 120 வோல்ட், இங்க 230. முதல் சுவிட்சுலயே புகை.

இதோட முடிஞ்சிருந்தா நான் காலரைத் தூக்கிவிட்டுக்கிட்டு அந்தப் பதினோரு பேரோட சேர்ந்திருப்பேன். மூணு வாரம் கழிச்சு கீழ்வீட்டு அம்மா கதவைத் தட்டினாங்க. பிறந்து வளர்ந்ததெல்லாம் இதே லிங்கராஜபுரம். “இன்னா தம்பி, உங்க வூட்டு முருங்கக்கா என் சிங்க்குல வர்துபா.”

போய்ப் பார்த்தேன். சிங்க் விளிம்பு வரைக்கும் சாம்பல் நிறத் தண்ணி, தரையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. அவங்க அன்னிக்குக் காலையில ஒரு டம்ளர் கூடக் கழுவலை. நாலு மாடிக்கும் சமையலறைக் கழிவுக்கு ஒரே செங்குத்துக் குழாய். அது கீழ வந்து படுக்கையாத் திரும்புற இடத்துல வேகம் குறையுது. சோறும் மாவும் எண்ணெயும் நாரும் அங்க சேர்ந்து இறுகுது. மேல நாங்க ஊத்த ஊத்த, வழியில்லாத தண்ணி முதல்ல கிடைக்கற வாய் வழியா வெளிய வரும். அந்த வாய் எப்பவும் கீழ்வீட்டோடதுதான். பிளம்பர் கம்பி விட்டு இழுத்தப்போ நான் பக்கத்துல நின்னேன். அரை வாளி. எனக்கு முகத்தை எங்க வச்சுக்கறதுன்னு தெரியலை. அந்தம்மா எனக்கே காபி கொடுத்தாங்க, அது இன்னும் மோசம்.

பேங்க்ல சஸ்பென்ஸ் அக்கவுண்ட்னு ஒண்ணு உண்டு. எந்தத் தலைப்புல போடறதுன்னு தெரியாத தொகையைத் தற்காலிகமா அதுல போடுவோம். ஆடிட்டர் வந்ததும் முதல்ல அதைத்தான் கேட்பார். சிங்க்கும் அப்படித்தான். நான் நாலு வருஷமா ‘தீர்ந்தது’ன்னு நினைச்ச என்ட்ரி எல்லாம் கீழ்வீட்டுல பேலன்ஸ் நின்னிருக்கு. இப்போ பதினாறு பேரும் சேர்ந்து போடலாம்ங்கறாங்க.

செயலாளர் சார் வாதம் என்னன்னா, அமெரிக்காவுல வீட்டுக்கு வீடு இருக்கு. இருக்கு சார். 1927-ல ஜான் ஹேம்ஸ்ங்கற கட்டடக் கலைஞர் கண்டுபிடிச்சது. ஆனா அதே அமெரிக்காவுல, நியூயார்க் நகரத்தோட பெரும்பகுதியில சாக்கடை தாங்காதுங்கற பயத்துல 1997 வரைக்கும் தடை இருந்துச்சே? நம்ம சாக்கடை என்ன லட்சணம்? சரியா சுத்திகரிக்காத கழிவு போய்ச் சேர்ந்த பெள்ளந்தூர் ஏரியில 2015, 2017, 2018-னு தீப்பிடிச்சதை டிவியில எல்லாரும் பார்த்தோம். தண்ணி தீப்பிடிக்கற ஊர்ல, சோத்தையும் அரைச்சு அதே வழியில அனுப்பறதா?

அரைக்கறதுக்குக் குழாயைத் திறந்து வச்சுக்கிட்டே இருக்கணும், அது இன்னொண்ணு. சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்து பம்ப் பண்ணி வர்ற காவிரித் தண்ணி. 2024 மார்ச்ல குடிதண்ணில கார் கழுவினா ஐயாயிரம் அபராதம்னாங்க. அப்போ டேங்கர் வாசல்ல குடத்தோட நின்னவங்கள்ல சார் வீட்டு அம்மாவும் ஒருத்தங்க.

பிரிக்கறது தொல்லைதான், ஒத்துக்கறேன். ஆனா 2012-ல இந்த ஊர் நாறினதுக்கு அப்புறம்தான் பிரிக்கறது கட்டாயமாச்சு. மாவள்ளிபுராக்காரங்களும் மண்டூர்க்காரங்களும் ‘உங்க எச்சிலை எங்க கிராமத்துல கொட்டாதே’ன்னு மறிச்ச கதை அது. மண்டூருக்கு லாரி போறது 2014 டிசம்பர்லதான் நின்னுச்சு. அவங்க திருப்பி அனுப்பினதை நாம கீழ்வீட்டுக்கு அனுப்பப் பார்க்கறோம்.

என் யோசனை: அந்தப் பணத்துல பாதியைப் போட்டு மொட்டை மாடியில உரப்பானை வைங்க. ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கற மண்பானை, காய்ஞ்ச இலை, தேங்காய் நார்த்தூள். இதே பெங்களூர்ல பூனம் பீர் கஸ்தூரி ‘டெய்லி டம்ப்’னு 2006-ல ஆரம்பிச்சு வித்துக்கிட்டு இருக்காங்க. அம்பாசமுத்திரத்துல எங்க ஆச்சி கொல்லையில ஒரு குழியை வெட்டி, காசில்லாம இதைத்தான் செஞ்சா. வாழைக்கன்னு அப்படி வளர்ந்துச்சு.

எங்க வீட்டு மெஷின் இப்பவும் நல்லா ஓடுது. ஓட்டறதில்லை, பிளக்கைப் பிடுங்கி வச்சாச்சு. தங்கமணி ஒரு வாரம் பேசலை, இப்போ பானையைக் கிளறறது அவங்கதான்.

கூட்டம் வர்ற ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு. கீழ்வீட்டு அம்மா கூட்டத்துக்கெல்லாம் வர்றதில்லை. இந்தத் தடவை வாங்கன்னு நேத்து போய்ச் சொல்லிட்டு வந்தேன்.